வரத்துக்கால் இல்லாத குளம்

போன ஏப்ரலில் அம்மாவை வால்டன் குளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கான்கார்டு ஊரை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது அது. கரையோரமாகவே ஒற்றையடிப் பாதை ஒன்று குளத்தைச் சுற்றி வருகிறது. மொத்தம் 2.7 கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களைக்கூடத் தைரியமாக அழைத்துப் போகலாம் என்று நம்பித்தான் கிளம்பினோம்.

அம்மா சிவகங்கைப் பக்கம் பிறந்தவர். கண்மாய்க் கரையிலேயே வளர்ந்தவர். கால்வாசி தூரம் போனதும் நின்று, குளத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, இதுக்கு வரத்துக்கால் எங்கிட்டு இருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"சரி, கலுங்கு?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் எப்படிப்பா இம்புட்டுத் தண்ணி நிக்கிது?"

இந்தக் குளத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். நீரைக் கொண்டுவரும் வரத்துக்காலும் இல்லை, மிஞ்சியதை வெளியேற்றும் கலுங்கும் இல்லை. ஓடை எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. ஆனாலும் 61 ஏக்கர் பரப்பில், 31 மீட்டர் ஆழம் வரை தெளிந்த நீர் நிற்கிறது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே இறக்கினால் மொட்டை மாடி மட்டம் வரை தண்ணீர் வந்துவிடும்.

பதில் காலடியிலேயே கிடந்தது. பாதையோரம் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அம்மாவிடம் காட்டினேன். களிமண் இல்லை. சலித்து எடுத்தது போன்ற மணலும், உருண்டு வழவழப்பான கூழாங்கற்களும்தான். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அந்த இடத்தில் ஊற்றினேன். தேங்கவே இல்லை. பெயருக்கு ஈரத்தடம் மட்டும் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. "ஆத்து மணலாட்டம் இருக்கு" என்றார் அம்மா. அவர் சொன்னது ஏறக்குறைய சரி. இது நீர் கொண்டுவந்து கொட்டிய மணல்தான். அந்த நீரோ, உருகும் பனியிலிருந்து வந்தது.

கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுக்க ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பூமி சூடேறத் தொடங்கியதும் பாளத்தின் விளிம்பு வடக்கே பின்வாங்கியது. உருகிய நீர் தேங்கி இங்கே ஒரு பெரிய ஏரி உருவானது. புவியியலாளர்கள் அதைச் சட்பரி பனியேரி என்கிறார்கள். பனிக்கு அடியிலிருந்து பாய்ந்த ஓடைகள் மணலையும் சரளையையும் அள்ளி வந்து, அந்த ஏரியின் முகப்பில் கழிமுகம்போலக் கொட்டின. பாளம் பின்வாங்கும்போது அதிலிருந்து பிய்ந்து தனியே நின்றுபோன பெரிய பனிக்கட்டிகளைச் சுற்றியும் இந்த மணல் குவிந்தது. சிலவற்றின் தலைக்கு மேலும் மூடிக்கொண்டது.

மணலுக்குள் புதைந்த பனிக்கட்டி சட்டென்று உருகிவிடாது. ஐஸ் கட்டியை மரத்தூளிலோ உமியிலோ புதைத்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வெயிலின் சூடு உள்ளே போக அந்தத் தூளும் அதற்கிடையே அடைபட்ட காற்றும் விடாது. மணல் அந்த அளவுக்கு நல்ல போர்வை இல்லைதான். ஆனால் இங்கே கட்டியின் பருமனே வேறு. சுற்றிலும் நிலம் கெட்டிப்பட்ட பிறகும் அவை உள்ளே மெல்ல மெல்ல உருகிக்கொண்டே இருந்தன. உருக உருக மேலிருந்த மணல் சரிந்து உள்வாங்கியது. கடைசியில் பனி இருந்த இடம் பள்ளமானது. இது நடந்து ஏறத்தாழ 15,000 ஆண்டுகள் ஆகின்றன. இப்படிப்பட்ட பள்ளத்துக்குக் கெட்டில் என்று பெயர். கொப்பரை என்று தமிழில் சொன்னால் வடிவம் கண்ணில் வந்துவிடும்.

பனிக்கட்டியைப் புதைத்துக் காக்கும் இதே வித்தை, பிற்காலத்தில் இந்தப் பக்கத்துக் குளங்களை நம் ஊரோடு இணைத்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூள் போட்டு மூடிக் கப்பலில் உலகெங்கும் அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள்; நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. சென்னைக்கு வந்த சரக்கைச் சேர்த்து வைக்க 1842-இல் கட்டியதுதான் திருவல்லிக்கேணி கடற்கரையோரம் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் பனிக்கட்டி வெட்டினார்கள். அப்போது அதன் கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அதை நேரில் பார்த்தார்.

பள்ளம் வந்த கதை இது. தண்ணீர் வந்த கதைக்கு அம்மாவின் ஊர்க் கிணறே போதும். கிணறு வெட்டும்போது ஓர் ஆழத்துக்குப் போனதும் பக்கவாட்டில் ஊற்று எடுக்கிறது. தண்ணீர் ஒரு மட்டம் வரை ஏறி நின்றுவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலும் ஏறக்குறைய அதே மட்டம்தான். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் சேர்ந்து ஏறும், கோடையில் சேர்ந்து இறங்கும். நிலத்துக்கடியில் மணலின் இண்டு இடுக்கெல்லாம் நீர் நிறைந்து நிற்பதுதான் காரணம். அதன் மேல்மட்டத்தை நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். வால்டன், பனிக்கட்டி வெட்டிக் கொடுத்த 61 ஏக்கர் கிணறு.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கிணற்றின் வரவு செலவைக் கணக்கெடுத்திருக்கிறது. உள்ளே வரும் நீரில் 55 விழுக்காடு குளத்தின்மீது நேராகப் பெய்யும் மழையும் பனியும். மீதி 45 விழுக்காடு கிழக்குக் கரையின் மணல் வழியே ஊறி வருவது. வெளியேறுவதில் நான்கில் ஒரு பங்கு ஆவியாகிறது. மற்றதெல்லாம் மேற்குக் கரை மணலுக்குள் இறங்கிப் போகிறது. ஆக, வரத்துக்காலும் உண்டு, கலுங்கும் உண்டு. இரண்டும் மண்ணுக்குள்ளே இருக்கின்றன.

இதைப் பிடித்துக்கொண்டால் காட்டின் மற்ற நீர்நிலைகளும் புரியத் தொடங்கும். அவற்றில் பலவும் ஒரே நிலத்தடி நீர்மட்டத்தை எட்டிப் பார்க்கும் ஓட்டைகள்தான். ஓட்டையின் ஆழம் வேறு, அதனால் குணமும் வேறு. தோரோவின் குடிசை இருந்த இடத்துக்கு அருகே வைமன் மெடோ என்றொரு தாழ்வான நிலம் இருக்கிறது. நீர்மட்டம் உயர்ந்த ஆண்டுகளில் அது குட்டை, தாழ்ந்த ஆண்டுகளில் வெறும் புல்தரை. தென்மேற்கே கொஞ்சம் நடந்தால் ஆண்ட்ரோமிடா குளங்கள் வரும். அவையும் கெட்டில்கள்தான், ஆனால் ஆழமற்றவை. அங்கே ஸ்பாக்னம் என்ற பாசியினம் மெத்தைபோலப் படர்கிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அது, சுற்றியுள்ள நீரை அமிலமாக்கவும் செய்கிறது. அமிலமான, குளிர்ந்த, ஆக்சிஜன் இல்லாத நீரில் செத்த பாசி எளிதில் மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகத் தங்கி, கரிய சதுப்பு மண்ணாகிறது. குளம் மெதுவாகத் தன்னைத் தானே தூர்த்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது, இந்த மாநிலத்துக் காடுகளில் வசந்தத்தில் மட்டும் தோன்றும் குட்டைகள். பனி உருகி, நீர்மட்டம் ஏறி, ஏப்ரலில் நிறைந்திருக்கும். கோடை முடிவதற்குள் பெரும்பாலும் வற்றிப்போகும். வற்றுவதால் அங்கே மீன் இல்லை. மீன் இல்லாததால் தவளைகள் அங்கே முட்டையிட வருகின்றன.

அப்படி வருவதில் ஒன்று காட்டுத் தவளை. நம் ஊர் நுணல் மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கடத்துகிறது என்றால், இது சருகுக்கடியில் உறைந்தே குளிர்காலத்தைக் கடத்துகிறது. உண்மையாகவே உறைகிறது. உடல் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடும். மூச்சு இல்லை, இதயத் துடிப்பு இல்லை. தோலில் பனி படரத் தொடங்கியதும் கல்லீரல் சர்க்கரையை வெள்ளமாக ரத்தத்தில் விடுகிறது. பாகுபோலக் கெட்டியான அந்தச் சர்க்கரைநீர் உயிரணுக்களுக்குள் பனி உருவாகாமல் தடுக்கிறது. உறைவதெல்லாம் அணுக்களுக்கு வெளியே உள்ள நீர்தான். வசந்தத்தில் உருகியதும் இதயம் மறுபடி துடிக்கிறது. முதல் இளஞ்சூட்டு மழை பெய்யும் இரவில் குட்டையைத் தேடிக் கிளம்புகிறது.

அன்று திரும்பும் வழியில், சாலையோரக் காட்டில் அப்படி ஒரு குட்டையைப் பார்த்தோம். கொல்லைப்புறத் தொட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளேயிருந்து வாத்து கத்துவதுபோலச் சத்தம். "வாத்தா?" என்று அம்மா எட்டிப் பார்த்ததும் சத்தம் நின்றது. தண்ணீருக்குள் ஒரு குச்சியைப் பற்றிக்கொண்டு, முஷ்டி அளவில் ஊறவைத்த ஜவ்வரிசி உருண்டைபோல முட்டைக் கொத்து. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கரும்புள்ளி. அம்மா விரலை நீட்டிவிட்டுத் தொடாமல் எடுத்துக்கொண்டார். அந்தப் புள்ளிகள் தலைப்பிரட்டையாகி, கால் முளைத்து, குட்டை வற்றுமுன் கரையேறவேண்டும். மழை குறைந்த ஆண்டில் அந்தப் பந்தயத்தில் அத்தனையும் தோற்கும். சில ஆண்டுகள் தோற்றாலும் ஒரு நல்ல ஆண்டு அந்த இனத்தைத் தூக்கிவிடும்.

பெரிய குளத்துக்கு வருவோம். இதற்கு அடியே இல்லை என்று அந்தக் காலத்தில் ஊரார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1846 தொடக்கத்தில், குளம் உறைந்திருந்தபோது, பனியில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டுக் கயிற்றில் கல் கட்டி இறக்கினார் தோரோ. மிக ஆழமான இடம் 102 அடி. இன்றைய கருவிகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. அந்த ஆழத்துக்குச் சூரிய ஒளி போகாது. ஆனால் அதற்கு மேலே, ஒளி எட்டும் வரையில், குளத்தடியில் நைட்டெல்லா என்ற பாசி புல்வெளிபோல வளர்ந்திருக்கிறது. நீரில் சேரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துக்களை அது பிடித்து வைத்துக்கொள்வதால் மேலே மிதக்கும் பச்சைப்பாசிக்குத் தீனி குறைகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. கோடையில் நீந்த வருபவர்கள் குளத்துக்குள்ளேயே சிறுநீர் கழிப்பதும் சத்து சேரும் ஒரு முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சத்து மிஞ்சினால் மேல்நீர் கலங்கும், ஒளி கீழே இறங்காது, அந்தப் புல்வெளி சாகும், அது பிடித்து வைத்ததெல்லாம் நீருக்கே திரும்பும். கலுங்கு இல்லாத குளத்தில் அப்படி ஒரு நிலை வந்தால் மீட்பது பெரும்பாடு. நீந்த வருபவர்கள் கரையில் இருக்கும் கழிப்பறைக்கு எழுந்து போவது இந்தக் குளத்துக்குச் செய்யும் பேருதவி.

அன்று கிளம்புமுன் அம்மா ஒரு காரியம் செய்தார். தண்ணீர் விளிம்பில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை ஊன்றி வைத்தார். ஊரில் கண்மாய் பெருகுவதைப் பார்க்க அப்படித்தான் வைப்பார்களாம். வார நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். நம் கண்மாயாக இருந்திருந்தால் கல் இருந்த இடமே தெரிந்திருக்காது. பல மைல் பரப்பில் பெய்த மழையை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்த்திருக்கும். இங்கே தண்ணீர் இரண்டு விரற்கடைதான் ஏறியிருந்தது. குளத்தின்மீது நேராகப் பெய்தது அவ்வளவுதான். காட்டில் பெய்த மீதி மழை மணலுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் நடந்து இனிமேல்தான் வந்து சேரவேண்டும். வந்த நீர் மேற்குக் கரை வழியே வெளியேற, சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும்.

அதைச் சொன்னேன். அம்மா கல்லை எடுக்கவில்லை. இன்னும் நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டு, "மழ வந்து சேந்ததும் பாத்துச் சொல்லுப்பா" என்றார்.