கடலைப் புழுவின் இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கடலோரப் பாறை இடுக்கில் கிடந்த ஒரு புழுவைப் படமெடுத்து, இது என்ன இனம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது கடலைப் புழு (ஆங்கிலத்தில் peanut worm), சிபன்குலா என்ற பிரிவு, அதுவரை தயங்காமல் சொல்லலாம். மண்புழுவுக்கு இருக்கிற வளையம் வளையமான உடற்கண்டங்கள் இதற்குக் கிடையாது, குடல் பின்னால் போய்த் திரும்பி வருவதால் மலத்துளையும் முன்பக்கம் முதுகில்தான் இருக்கும். ஆனால் ஏறத்தாழ 150 இனங்களில் இது எது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது பெரும்பாலும் முடியாது.

இந்தப் புழுவில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் முன்பகுதிதான். மெல்லிய குழாய், சட்டைக் கையை உள்ளேயிருந்து பிடித்து இழுத்தால் மடங்கிப் போகுமே, அப்படி மொத்தமாக உடலுக்குள் போய்விடும். இழுக்கத் தசைகள் இருக்கின்றன. சரி, வெளியே தள்ளுவது எது? அதற்கென்று தனித் தசை இல்லை. உடற்சுவர் சுருங்கி உள்ளிருக்கும் திரவத்தை அழுத்துகிறது, திரவத்தின் கன அளவு குறையாது, அதனால் அந்த அழுத்தம் முழுக்கக் குழாயின் மேல் விழுந்து அதை அடியிலிருந்து பிதுக்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் நுனியில் வாயும் உணர்கொம்புகளும் விரிகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இனம் காண முக்கியமாகப் பார்ப்பதும் அந்த இழுதசைகளைத்தான். உடலை நீளவாக்கில் கீறி எண்ணுவார்கள்: நான்கா, இரண்டா, ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா? கழிவுநீக்கக் குழல் ஒன்றா இரண்டா? சுவரின் நீளத்தசை பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கிறதா? அப்புறம் குழாயின் மேலுள்ள நுண்கொக்கிகள், அதற்கு நுண்ணோக்கி வேண்டும். உயிரோடு எத்தனாலில் போட்டால் குழாயை உள்ளிழுத்துக்கொண்டு இறுகிவிடும், எதுவும் தெரியாது. எனவே முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிட வேண்டும். உடலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும், அதனால் ஒரு சிறு துண்டைத் தனியே எத்தனாலில் எடுத்து வைப்பது அவசியம்.

டிஎன்ஏ ஏன் என்றால், வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் 1766-இல் பெயரிட்ட சிபன்குலஸ் நூடஸ் என்ற கடலைப் புழு உலகக் கடல்களில் பரவிக் கிடக்கும் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டதும் அந்த ஒரே பெயருக்குள் பல தனித்தனிப் பரம்பரைகள் இருப்பது தெரிந்தது. வகைப்பாட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. எது எங்கே வாழ்கிறது என்றே தெரியாமல் எதைப் பாதுகாப்பது?

பதிவு செய்யும்போது தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மணலா சேறா பவளப்பாறையா காலிச் சங்கா என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள், சாதாரணப் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.