காணாக்கடியும் தொடையில் போட்ட ஊசியும்

தோப்பில் குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கிய மாமாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். டாக்டர் அரிப்புக்கு வழக்கமாகப் போடும் ஏவில் ஊசியை எடுக்காமல், வேட்டியை ஒதுக்கித் தொடையில் வேறு ஏதோ குத்தினார், அது சரியா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சரியோ சரி. அது அட்ரினலின்.

போன முறை கொட்டியபோதே மாமாவின் உடம்பு அந்த விஷத்துக்கு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துவிட்டது. அது தோல், மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் ஓரமெல்லாம் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற உயிரணுக்கள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று இப்படித் தோலில் ஒட்டிக்கொள்வதை 1921இல் இரண்டு டாக்டர்கள் காட்டிய விதமே அழகு: மீன் ஒத்துக்கொள்ளாத க்யூஸ்ட்னரின் ரத்தச் சீரத்தை பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, அங்கே மட்டும் தடித்தது!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். ஒரே ஒரு ஐஜிஇயில் விஷத்தின் புரதம் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை அது சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும், பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி போல. இழுத்ததும் செல்லுக்குள் கால்சியம் ஏறும், உள்ளே மூட்டை மூட்டையாக இருந்த, அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள் சில நிமிடங்களில் வெளியே கொட்டும். செல் சாகாது, மறுபடி மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

இவற்றால் ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் உள்ளே ஓடும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேறிவிடலாம். ஏவில் ஹிஸ்டமினின் நாற்காலியில் போய் உட்காரும், அவ்வளவுதான். அரிப்பு குறையும், கசிவு நிற்காது. அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல்லையும் அடக்கும். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஆம்பூலில், பாதி. ஏன் தொடை? குழந்தைகளிடம் அளந்து பார்த்ததில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட சராசரியாக 8 நிமிடம், தோலுக்கடியில் போட்டதற்கு 34 நிமிடம்.

நம் ஊரில் காணாக்கடிக்கு, அதாவது என்ன கடித்தது என்றே தெரியாமல் உடம்பு தடித்து அரிப்பதற்கு, வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுப்பார்கள், மந்திரிப்பார்கள். பலிக்கத்தான் செய்யும். ஏனென்றால் ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானாகவே மறையும்! மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம் வந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை, மலிவான மருந்தும் தயங்காத கையும் போதும். நான் பார்த்த ஒரு இடத்தில் ஆம்பூல் இருந்தது, அலமாரிச் சாவி சாப்பிடப் போன நர்ஸிடம் இருந்தது. கோடிக்கணக்கில் கருவி வாங்குவதற்கு முன்னால் அந்தச் சாவிக்கு ஒரு ஆணி அடிக்கலாம்.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். தேறினாலும் சில மணி நேரம் அங்கேயே இருக்கட்டும், அடங்கியது திரும்ப வருவதுண்டு. தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், சட்டென்று எழுப்பி நிறுத்தாதீர்கள். கிளம்பும்போது என்ன கொட்டியது, என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள்.