டைஹைப்ரிட் கிராஸ் – இருபண்புக் கலப்பு

சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரியில் எச்2 நிலை உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பழக்கம். பொருள் கேட்டால் பலர், "ரெண்டு இனம் கலக்கிறது" என்பார்கள். தவறு, ஆனால் அந்தத் தவறுக்கு இந்தச் சொல்லே ஒரு காரணம்.

கிரேக்கத்தில் 'டை' என்றால் இரண்டு. 'ஹைப்ரிட்' லத்தீனின் 'ஹிப்ரிடா'. வளர்ப்புப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டியின் பெயர். நம் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோகிம் இந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் வரும். இரு வேறு ஆர்க்கிட் இனங்களின் கலப்பு அது. மரபியலின் தந்தை மெண்டல் ஆராய்ந்த பட்டாணியோ ஒரே இனம். அங்கே ஹைப்ரிட் என்பது ஒரு பண்புக்கு வெவ்வேறான இரண்டு அல்லீல்களை (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை) சுமக்கும் செடி. இரண்டு பண்புகளில் அப்படி இருந்தால் டைஹைப்ரிட். ஆகவே 'இருகலப்பினம்' வேண்டாம், 'இனம்' தப்பான பக்கம் இழுக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'இருபண்புக் கலப்பு' எது இரண்டு என்று சொல்லிவிடுகிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் உருண்டை விதைக்கு உ, சுருங்கியதற்குச் சு, மஞ்சளுக்கு ம, பச்சைக்குப் ப என்று வைப்போம். உருண்டையும் மஞ்சளும் ஓங்கு பண்புகள், அதாவது மற்ற அல்லீல் கூட இருந்தாலும் வெளியே தெரிபவை. தூய உஉமம செடியைச் சுசுபப செடியோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க உசுமப. பார்வைக்கு எல்லாம் உருண்டை மஞ்சள். அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விடும்போதுதான் பிழை நுழைகிறது: பாலணுவுக்கு (இனப்பெருக்க உயிரணுவுக்கு) 'உசு', 'மப' என்று எழுதிவிடுகிறார்கள். பாலணு ஒரு பண்புக்கு ஒரு அல்லீல்தான் எடுத்துப்போகும்: உம, உப, சும, சுப. நாலும் சம வாய்ப்பு. பாலணுக்கள் சேரும் விதங்களைக் காட்டும் பன்னெட் கட்டத்தில் மேலே நாலு, பக்கத்தில் நாலு வைத்தால் 16 அறை. தோற்ற விகிதம் 9:3:3:1. நேரம் இல்லையென்றால் கட்டமே வேண்டாம். உருண்டை 3/4, மஞ்சள் 3/4, பெருக்கினால் 9/16.

மெண்டல் எண்ணிய 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. எதிர்பார்ப்பு முறையே 312.75, 104.25, 104.25, 34.75. எண்ணியது எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்க மதிப்பு 0.47. 5% மட்டத்தில், கட்டின்மைப் படி (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) மூன்றுக்கு எல்லை 7.82. மதிப்பு எல்லைக்குள் இருப்பதால் விகிதம் நிற்கிறது.

எப்போதும் நிற்காது. இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருந்தால் சேர்ந்தே போகும், இதுதான் பிணைப்பு. அப்போது உசுமப செடியைச் சுசுபப செடியோடு சோதனைக் கலப்பு செய்து பாருங்கள். 1:1:1:1 வராமல், உருண்டை மஞ்சளும் சுருங்கிய பச்சையும் பெரும்பாலும் குவியும்.