தொடாத பேட் ஏன் ஒலிக்கிறது? டிரம் செட்டுடன் ரிதம் பேட் இயங்கும் விதம்

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், பங்குனித் திருவிழாவுக்காகப் போட்டிருந்த பலகை மேடையில், மெல்லிசைக் கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம் வாசிக்கும் தம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய விலை குறைந்த ரிதம் பேட் ஒன்றை (குச்சியால் அடித்தால் பதிவுசெய்த ஒலிகளை எழுப்பும், பல தட்டுகள் கொண்ட மின்கருவி) டிரம் செட்டின் ஹைஹாட் என்னும் இணைத் தாளத்தின் ஸ்டாண்டிலேயே கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். பேஸ் டிரம்மின் பெடலை அவர் மிதித்த ஒவ்வொரு முறையும், யாரும் தொடாத அந்தப் பேடிலிருந்து கைதட்டல் ஓசை எழுந்து ஒலிபெருக்கியில் வெடித்தது. பொருள் பழுது, மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று குழுவினர் முடிவுசெய்தார்கள். ஒலியமைப்புக்கு உதவியாக நின்றிருந்த எனக்கு அது பழுதாகத் தோன்றவில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அந்தப் பேட் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

பேடின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். மேலே குச்சி படும் ரப்பர், அதன் அடியில் ஒரு தகடு, தகட்டின் முதுகில் ஒட்டப்பட்ட ஒரு வட்ட வில்லை, வில்லையிலிருந்து போகும் இரண்டு மெல்லிய ஒயர்கள் ஆகியவற்றைத் தவிர ஒரு தட்டின் கீழ் பெரிதாக எதுவும் இராது. இவ்வகையில் பரவலாகக் கிடைக்கும் வில்லைகளுள் ஒன்றின் விட்டம் 27 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் அதே அளவு. வில்லையின் அடித்தகடு பெரும்பாலும் பித்தளை. நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளில் பார்த்துப் பழகிய அந்த மஞ்சள் நிறத்தை இங்கே காண்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. பித்தளையின்மேல் வெண்மையாகப் படிந்திருப்பது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவை கலந்த ஒருவகைப் பீங்கான். அதை வளைத்தாலும் அழுத்தினாலும் அதன் இரு முகங்களுக்கு இடையே மின்னழுத்தம் தோன்றும். படிகங்களில் இந்தப் பண்பு இருப்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் காட்டினார்கள். சமையலறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தும்போது ‘டிக்’ என்று பொறி பறப்பதும் இதே விளைவினால்தான். லைட்டரில் பொறியாகும் மின்னழுத்தம், பேடில் செய்தியாகிறது.

ஆகவே பேடுக்கு மைக்கைப் போலக் கேட்கும் வேலை இல்லை. தன் தகடு அதிர்ந்ததா என்பதை மட்டுமே அது அறியும். குச்சி பட்டு அதிர்ந்தாலும், பக்கத்துத் தட்டின் அதிர்ச்சி பரவி அதிர்ந்தாலும், ஸ்டாண்டின் இரும்புக் குழாய் வழியாகப் பேஸ் டிரம்மின் உதறல் ஏறி வந்து அதிர்ந்தாலும் வில்லையிலிருந்து வருவது ஒரே வகையான மின்துடிப்புத்தான். அதில் எது கலைஞரின் அடி, எது வந்தேறி என்று பிரித்தறியும் பொறுப்பு உள்ளே இருக்கும் சிறு கணினியைச் சேர்ந்தது. பேடின் அமைப்புப் பட்டியலில் காணும் புரியாத பெயர்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பொறுப்பின் பல முகங்கள்.

ஓர் அடி விழுந்ததும் வில்லையின் மின்னழுத்தம் சட்டென்று உயர்ந்து, பிறகு மேலும் கீழுமாக ஆடி, மணியின் நாதம் அடங்குவதைப் போலச் சில பத்து மில்லிவிநாடிகளில் ஓய்கிறது. கணினி அந்த மின்னழுத்தத்தை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. திரெஷோல்ட் எனப்படும் கீழ்வரம்பை அளவு தாண்டாத வரையில் அது எதையும் பொருட்படுத்துவதில்லை. தாண்டிய கணத்திலேயே ஒலியை எழுப்பிவிடவும் அதனால் முடியாது. ஏனெனில் அடி எவ்வளவு வலுவானது என்பது முதல் கணத்தில் தெரியாது. எனவே ஏறத்தாழ இரண்டு மில்லிவிநாடி காத்திருந்து, அதற்குள் தோன்றிய மிக உயரமான முகட்டை அடியின் வலிமையாக எடுத்துக்கொள்கிறது. அதன்பின் தகடு ஆடி ஓயும் வரை அதே தட்டிலிருந்து வரும் துடிப்புகளைச் சிறிது நேரம் புறக்கணிக்கிறது. இந்தப் புறக்கணிப்பு இல்லாவிட்டால் ஓர் அடிக்கு இரண்டு மூன்று ஒலிகள் எழும். அதை அளவுக்கு மீறி நீட்டினால் வேறொரு கேடு நேரும்: இரு கைகளாலும் விநாடிக்கு இருபது அடி வாசிக்கும் ஒருவருக்கு அடிகளுக்கு இடையே 50 மில்லிவிநாடிதான் இருக்கும், புறக்கணிப்பு நேரம் 60 ஆக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக அடிகள் காணாமல் போகும். ‘இந்தப் பேட் வேகத்துக்குத் தாங்காது’ என்று பலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். அந்த ஓர் எண்ணைக் குறைத்ததும் குறை நீங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடி மேடையில் நடந்ததை இனி விளக்கலாம். பலகை மேடை என்பது தானே ஒரு பெரிய தோல்கருவியைப் போன்றது. பேஸ் டிரம்மின் அடி பலகையை உலுக்க, பலகை ஹைஹாட் ஸ்டாண்டை உலுக்க, கிளாம்ப் அந்த உதறலைச் சிதறாமல் பேடிடம் சேர்த்தது. விலை உயர்ந்த கருவிகளில் தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெத்தென்ற அடுக்குகளைத் தாராளமாக வைப்பார்கள்; விலை குறைந்தவற்றில் செலவு மிச்சப்படுத்தப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. கீழ்வரம்பை உயர்த்தினால் பொய்யடி நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் உயர்த்திக்கொண்டே போனால் விரல் நுனியளவு மென்மையான அடிகளும் சேர்ந்து செத்துப்போகும். வந்தேறி அதிர்வை முதலில் வழியிலேயே மட்டுப்படுத்திவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் எண்ணைத் தொடுவதே சரியான வரிசை என்பது என் கருத்து. பேடினைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றினோம். ஸ்டாண்டின் மூன்று கால்களின் கீழும் நான்காக மடித்த சாக்கை வைத்தோம். கைதட்டல் பத்துக்கு எட்டு முறை நின்றது. மீதி இரண்டுக்காகக் கீழ்வரம்பை இரண்டு படி உயர்த்தினோம்.

அடியின் வலிமை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகிறது. மின்னிசைக் கருவிகளுக்காக 1983-இல் வழக்கத்துக்கு வந்த மிடி என்னும் பொதுமொழி வகுத்த அளவுகோல் அது. அந்த எண்ணுக்கேற்பக் கருவி தன் நினைவகத்திலிருக்கும் சாம்பிளை, அதாவது முன்னரே பதிவுசெய்த ஒலித்துண்டை, உரக்கவோ மெதுவாகவோ ஒலிக்கச் செய்கிறது. காவிரிக் கரையில் தவில் கேட்டு வளர்ந்த செவிக்கு இங்கே ஒரு குறை உடனே தட்டுப்படும். தவிலின் வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் விளிம்பில் பட்டால் ஒரு நாதம், நடுவில் பட்டால் வேறொரு நாதம். தொப்பியில் கழி படும்போது அழுத்தம் மாறினால் ஒலியின் அளவோடு குணமும் மாறும். வலுவாக அடிக்கும்போது தோலின் மேல்சுரங்கள் கூடுதலாகக் கிளம்புவதே அதற்குக் காரணம். ஒற்றை வில்லையுள்ள பேடுக்கோ எங்கே அடித்தோம் என்பது தெரியாது. ஒரே துண்டை அளவு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வதால், வேகமான உருட்டு அச்சில் வார்த்ததைப் போலக் கேட்கும். ஸ்னேர், ஹைஹாட் போன்ற நுணுக்கம் நிறைந்த வேலைகளை டிரம் செட்டிடமே விட்டுவிட்டு, கோயில் மணி, ஜால்ரா, கைதட்டல், உறுமி என்று மேடைக்குத் தூக்கி வர முடியாத ஒலிகளைப் பேடிடம் ஒப்படைப்பதே இரண்டுக்கும் செய்யும் மரியாதை. அவற்றை உள்ளூரிலேயே பதிவு செய்துகொள்ளலாம்: விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்ற அளவில் பத்து விநாடி நீளும் ஒரு மணியோசைக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடமே வேண்டும்.

தாமதத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிவிநாடி ஆகும். வாசிப்பவர் கேட்பதற்காக இரண்டு மீட்டர் தள்ளி வைத்த மானிட்டர் ஒலிபெருக்கியே ஆறு மில்லிவிநாடி தாமதத்தைத் தந்துவிடுகிறது. பேட் தன் சொந்த ஒலியை எழுப்பும்போது ஏற்படும் தாமதம் பெரும்பாலும் இதைவிட மிகுதி இல்லை. மடிக்கணினியை இடையில் நுழைத்து, பஃபர் அளவை, அதாவது கணினி ஒருமுறைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 512-இல் விட்டுவைத்தால் மட்டும் அதுவே தனியாக 11.6 மில்லிவிநாடியைக் கூட்டும். 128-க்குக் குறைத்தால் 2.9.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல்கருவிகள் தளர்ந்துபோவது டெல்டாவில் வாசிப்பவர்களுக்குப் பழகிய துன்பம். பேடுக்கு அது இல்லை. பதிலாக அதற்கு மின்சாரத்தின் துன்பம் உண்டு. சாதாரண ஜாக் ஒயரை மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீளமாக இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். பேடின் அருகிலேயே ஒரு டிஐ பாக்ஸ் (ஜாக் ஒயரில் வரும் ஒலியை நீண்ட மைக் ஒயருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அங்கிருந்து மைக் ஒயரில் அனுப்புவது நல்லது.

பல பேடுகளில் பேஸ் டிரம்முக்கான டிரிகர் நுழைவு ஒன்று தனியே இருக்கும். அதே பீங்கான் வில்லையைப் பேஸ் டிரம்மின் தோலில் பொருத்தி அந்த நுழைவில் செருகினால், அன்று தொல்லையாக வந்த அதே அதிர்வு இப்போது கேட்டு வாங்கிய அதிர்வாகிறது. ஒவ்வொரு மிதிக்கும் டிரம்மின் ஒலியுடன் ஓர் ஆழ்ந்த மின்னொலியும் சேர்ந்து எழும். சேர்த்தபின் ஒலி பருப்பதற்குப் பதிலாகச் சோனியாகிவிட்டால் திகைக்க வேண்டாம். மின்னொலி ஐந்து மில்லிவிநாடி பிந்தி வருவதாகக் கொண்டால், அது 100 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி நேரம். டிரம்மின் அலை மேலே செல்லும்போது மின்னொலியின் அலை கீழே செல்ல, பேஸ் டிரம்முக்கு உடம்பு தரும் அந்தப் பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிக்ஸரில் அந்தச் சேனலின் போலாரிட்டியை மாற்றும், அதாவது அலையைத் தலைகீழாக்கும், பொத்தான் இருந்தால், அதை ஒருமுறை அழுத்தியும் ஒருமுறை விட்டும் கேட்டு, எதில் வயிற்றுக்குள் இடி கூடுதலாக இறங்குகிறதோ அந்த நிலையில் விட்டுவிடலாம்.