சோம்பேறி என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதற்கு முன்

வேலூரில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் வருபவர்களில், "எனக்குப் பணிச்சோர்வு" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குபவர் மிகக் குறைவு. தலைவலி, தூக்கமின்மை, தோள்பட்டை வலி என்று உடம்பைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். சற்றுத் துருவிக் கேட்டால், "நான் முன்பு போல இல்லை மேடம், சோம்பேறி ஆகிவிட்டேன்" என்று தீர்ப்பையும் தாங்களே எழுதிவிடுவார்கள். தொடர்ந்து இரவுப்பணி பார்த்துவிட்டுக் காட்பாடியிலிருந்து வரும் செவிலியரும், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையின் கணக்கை வீட்டுக்கும் எடுத்துவந்து நள்ளிரவுவரை பார்ப்பவரும், பாடம் நடத்துவதோடு பதிவேடுகளையும் செயலிகளையும் சேர்த்துச் சுமக்கும் குடியாத்தத்துப் பள்ளி ஆசிரியையும் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் தங்கள் மீதே புகார் கொடுப்பதைக் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் உதவி கேட்டு வந்தவரா, தமக்கு எதிராக வாதாட வந்த வக்கீலா என்றுகூடத் தோன்றும்.

ஆங்கிலத்தில் பர்ன் அவுட் எனப்படும் இந்தப் பணிச்சோர்வைப் பற்றி 1974-இல் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தம்மோடு உழைத்த தன்னார்வலர்களைக் கவனித்தே அவர் எழுதினார். வேலையில் ஈடுபாடு இல்லாதவர்கள் அல்ல, மிகுந்த ஈடுபாடு உள்ளவர்களே முதலில் வற்றிப்போகிறார்கள் என்பது அவருடைய கவனிப்பு. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேயே தெரிந்துவிடுகிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாக அல்லாமல், சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் பணியிட நெருக்கடியின் விளைவாக வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் கூறியது. உடலும் மனமும் சக்தி இழந்துபோவது, வேலையின் மீது விலகலும் கசப்பும் வளர்வது, தன் வேலைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்வது ஆகியவையே அவை. மூன்றாவது அடையாளத்தில்தான் நம்மை நாமே திட்டிக்கொள்ளும் பழக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. சோர்வினால் ஒரு தவறு நேர்கிறது; தவறுக்காகத் தன்னைத் திட்டிக்கொள்பவர், அதை ஈடுகட்ட ஓய்வையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு இன்னும் அதிகம் உழைக்கிறார்; அதனால் சோர்வு கூடி அடுத்த தவறு நேர்கிறது.

இந்தத் திட்டு எவ்வளவு வேகமாக வந்து போகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. 1960-களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், தம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளுக்குள் வேறொரு எண்ண ஓட்டம் சொல்லப்படாமல் ஓடுவதைக் கவனித்து, அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்று அழைத்தார். அவை ஓரிரு சொற்களில் வரும், கேள்வி கேட்கப்படாமலே உண்மையாகிவிடும். "எதற்கும் லாயக்கில்லை", "உனக்கு எதற்கு இந்த வேலை" என்றெல்லாம் வந்துபோனதை நாம் கவனித்திருக்க மாட்டோம். அது விட்டுச்சென்ற மனக்கனம் மட்டும் மாலைவரை இருக்கும். ஆகவே சுயவிழிப்புணர்வு என்று நான் சொல்வது கண்களை மூடி அமர்வதை அல்ல. அந்த வாக்கியத்தை, அது வந்த நேரத்தோடும் இடத்தோடும் கையும் களவுமாகப் பிடிப்பதைச் சொல்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவின் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் மூன்றே விஷயங்களை எழுதி வரச் சொன்னேன்: மணி, நடந்தது, உள்ளே ஓடிய வாக்கியம் சொல்லுக்குச் சொல். "மாலை 3.40. 14 ஜோடி திரும்பி வந்தது. உனக்கெல்லாம் எதுக்கு சூப்பர்வைசர் வேலை" என்று ஒரு பதிவு இருந்தது. "ராத்திரி 9.15. பையன் ஹோம்வொர்க் முடிக்கல. பெத்தவளா நீ" என்பது அதே நாளின் இன்னொரு பதிவு. இரண்டு வாரத்துப் பதிவுகளைச் சேர்த்துப் படித்தபோது, மிகக் கடுமையான வாக்கியங்கள் பெரும்பாலும் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் வந்திருந்தன. அந்த நாட்களில் காலையில் விட்டுப்போன இலக்கை ஈடுகட்ட மதியச் சாப்பாட்டை அவர் பாதியில் முடித்திருந்தார்; முந்தைய இரவுகளிலோ, அக்கினி நட்சத்திர வெயிலைப் பகலெல்லாம் வாங்கிய மொட்டைமாடிக்குக் கீழே, மின்விசிறியின் அனல்காற்றில் அரைத்தூக்கம்தான் தூங்கியிருந்தார். அந்த 14 ஜோடி திரும்பி வந்த நாளில் அவருடைய லைனில் புதிதாக இரண்டு பெண்களைச் சேர்த்திருந்தார்கள் என்பதும், பலகையில் எழுதியிருந்த மணிக்கணக்கு இலக்கு மட்டும் குறையவே இல்லை என்பதும் அப்போதுதான் அவருடைய நினைவுக்கு வந்தன.

"இதே வாக்கியத்தை அந்தப் புதுப் பெண்களிடம் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "ஐயோ, அதுங்க அழுதுடும் மேடம்" என்றார்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, திட்டுக்குப் பதிலாக "நான் வெற்றியாளர், என்னால் எல்லாம் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. தன்மதிப்புக் குறைந்தவர்கள் இப்படிப்பட்ட புகழ்ச்சி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்வதை ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நம்ப முடியாத புகழ்ச்சியை உள்மனம் உடனே மறுத்துப் பேசத் தொடங்கிவிடுகிறது. அதைவிட அளவான உண்மை உதவுகிறது. "எனக்கு வேலை தெரியவில்லை" என்பதற்குப் பதிலாக, "புது ஆட்கள் இருந்த லைனில் இன்று 14 ஜோடி திரும்பியது, நான் சாப்பிடாமல் இருந்தேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். தன்னைத் தன் பெயராலேயே அழைத்துப் பேசிக்கொள்பவர்கள் நெருக்கடியான சூழலைச் சற்று விலகி நின்று பார்க்கிறார்கள் என்பதை ஈத்தன் க்ராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஆய்ந்து எழுதினார்கள். நம் வீடுகளில் தங்கையிடமோ தோழியிடமோ பேசும் தொனியில் தன் பெயரைச் சொல்லி, "காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாய், முதலில் சாப்பிடு" என்று சொல்லிக்கொள்வது பலருக்கும் முதலில் கூச்சமாக இருந்தாலும், விரைவிலேயே பழகிவிடுகிறது.

இவ்வளவும் மனத்துக்குள் நடக்கும் வேலை. இதனால் மட்டும் பணிச்சோர்வு தீராது. இந்தத் துறையில் பெயர்பெற்ற கிறிஸ்டினா மஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வேலைப்பளு, வேலையின் மீதுள்ள கட்டுப்பாடு, உழைப்புக்கேற்ற பலன், சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள் என ஆறு இடங்களில் காரணத்தைத் தேடச் சொல்கிறார்கள். ஆறும் பணியிடத்தைச் சார்ந்தவை. நிறுவனங்கள் மன அழுத்தம் குறைக்க ஒருநாள் பயிலரங்கம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொள்கின்றன. நானும் அவற்றில் பேசியிருக்கிறேன். மறுநாள் காலையும் அதே இலக்கு பலகையில் இருந்தால் அந்த ஒருநாளால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. நான் சொன்ன சூப்பர்வைசர் மேலாளரிடம் "எனக்கு முடியவில்லை" என்று சொல்லாமல், நோட்டிலிருந்த விவரங்களைக் காட்டி, புது ஆட்கள் சேரும் நாட்களில் இலக்கைக் குறைக்கக் கேட்டார். முதல் வாரத்துக்கு மட்டும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை அவரே விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொண்டார். திட்டு இன்னும் வருகிறது என்றும், வந்த உடனேயே தெரிந்துவிடுவதால் முன்பு போல நாளெல்லாம் நீடிப்பதில்லை என்றும் சொன்னார்.

எல்லாச் சோர்வையும் பணிச்சோர்வு என்று எண்ணிவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் ஆகியவையும் இதே அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு முதலிலேயே சொல்லிவிடுவேன். பணிச்சோர்வின் தொடக்கத்தில் விடுமுறை நாளில் மனம் சற்று இலகுவாகும். திருவிழா வீட்டில் உறவினர் நடுவில் இருக்கும்போதும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அருகில் யாரும் இல்லாதபோது வெளியிலிருந்து குரல் காதில் கேட்டாலும் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வேலூர்ப் பக்கத்தில் நேரில் செல்வதற்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கின்றன. உடன் செல்லும் குடும்பத்தார், "எல்லோரும்தான் வேலைக்குப் போகிறார்கள்" என்று அவருக்குப் பதிலாகத் தாங்கள் பேசாமல், வீட்டில் தாங்கள் கண்ட தூக்கத்தையும் சாப்பாட்டையும் பேச்சில் வந்த மாற்றத்தையும் மருத்துவர் கேட்கும்போது சொன்னால் போதும்.