மூன்று கட்டத்துக்குள் ஒரு ‘ஆமாம்’

அமெரிக்க நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் புதிரில் ‘சம்மதச் சொல்’ என்று ஒரு குறிப்பு, விடைக்கு மூன்று கட்டம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவருக்கும் விடை தெரியும். தொல்லை என்னவென்றால், ஒன்றுக்குப் பல விடைகள் தெரியும். யெஸ் (yes), யெப் (yep), யப் (yup), யே (yea), ஐ (aye) எல்லாமே ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, எல்லாவற்றுக்கும் பொருள் ‘ஆமாம்’. விடையை ஒரே சொல்லாகக் குறுக்காத இப்படியொரு குறிப்பை எப்படி அச்சில் விடுகிறார்கள்?

விடை கட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் வைர வடிவத்தில் இருந்தது. இன்று வார நாள்களில் வழக்கமானது 15க்கு 15 சதுரம். அதில் எந்தச் சொல்லும் மூன்றெழுத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் இருந்தாக வேண்டும். அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு சாட்சிகள். குறிப்பு சொல்லாமல் விட்டதைக் குறுக்கே வெட்டும் சொல் சொல்லிவிடும். குறிப்பே ஒரு புதிராக இருக்கும் பிரிட்டனின் ‘கிரிப்டிக்’ வகையில் ஏறக்குறையப் பாதி எழுத்துகளே இப்படி வெட்டப்படுகின்றன. அதனால் அங்கே குறிப்புக்குள்ளேயே இரண்டு வழி வைக்கிறார்கள்: ஒன்று பொருள், இன்னொன்று எழுத்து விளையாட்டு.

சரி, வெட்டும் எழுத்து எவ்வளவு உதவும்? இதை அளக்கவே முடியும். ஆம்-இல்லை என்ற சம வாய்ப்புள்ள கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் நமக்கு ஒரு ‘பிட்’ தகவல் சேர்கிறது. மேலே சொன்ன ஐந்து சொற்களுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், சரியானதைப் பிடிக்க சுமார் 2.3 பிட் வேண்டும். முதல் எழுத்து ஒய் என்று தெரிந்தால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் லாபமில்லை. ஐந்தில் நான்கு ஒய்யில்தான் தொடங்குகின்றன. முதல் எழுத்தின் சராசரி மதிப்பு வெறும் 0.7 பிட். நடு எழுத்துக்கு 1.4. கடைசி எழுத்துக்கோ 1.9. அது எஸ் என்றால் யெஸ், ஏ என்றால் யே, இ என்றால் ஐ, அங்கேயே வேலை முடிந்தது. பி வந்தால் மட்டும் யெப்பா யப்பா என்ற இழுபறி மிஞ்சும். பழகிய ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனாலும் கடைசிக் கட்டத்தை வெட்டும் நெடுக்குச் சொல்லைத்தான் முதலில் தேடிப் போவார்கள்.

குறிப்பும் தன் பங்குக்குத் தகவல் தரும். இங்கே எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. குறிப்பும் விடையும் ஒரே இலக்கண வகை, ஒரே பேச்சு நடை. ‘கொச்சையாக’ என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலோ, குறிப்பே தெருப்பேச்சாக இருந்தாலோ, யெப்பும் யப்பும் மட்டும் நிற்கும். குறிப்பில் ‘மாலுமி’ என்றால் கப்பலில் சொல்லும் ஐ. ‘செனட்’ என்றால் வாக்கெடுப்பில் சொல்லும் யே. மேற்கோள் குறிக்குள் இருந்தால் யாரோ வாய்விட்டுச் சொல்வது. ஆக, ஆசிரியர் கையில் ஒரு திருகு இருக்கிறது. ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிர் திங்கட்கிழமை எளிது, சனிக்கிழமை கடினம். சொல் அதேதான், குறிப்பு விட்டுக்கொடுக்கும் பிட்டுகள்தான் மாறும்.

இந்தக் குட்டிச் சொற்கள் ஏன் இத்தனை முறை வருகின்றன என்பது எனக்கு இன்னும் சுவையான கேள்வி. தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே குறுக்கெழுத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். ஒரு மொழியில் எந்த எழுத்துக் கோவையும் சொல்லாக முடியும் என்றால், எழுத்துகளை எப்படி இறைத்தாலும் குறுக்கெழுத்துதான். மொழியின் கட்டுப்பாடு மிக அதிகமானால் பெரிய புதிரே சாத்தியமில்லை. எழுத்துகளில் பாதியளவு மிகைத்தன்மை (மொழியின் கட்டுப்பாட்டாலேயே தீர்மானமாகிவிடும் பங்கு) இருந்தால் பெரிய புதிர்கள் மட்டுமட்டாகச் சாத்தியம் என்பது அவர் கணக்கு. ஆங்கிலத்துக்கு அவர் மதிப்பிட்டதும் சுமார் 50 சதவீதம்தான்! மிகைத்தன்மை 33 சதவீதமாக இருந்தால் முப்பரிமாணக் குறுக்கெழுத்தே போடலாம் என்றும் எழுதினார்.

மட்டுமட்டாகச் சாத்தியம் என்றால், புதிர் அமைப்பவர் மூலை முடுக்குகளில் திணறுவார் என்று பொருள். அங்கே கைகொடுப்பவை யெஸ் போன்ற சொற்கள். அதைக் கட்டத்தின் கடைசி வரிசையில் வைத்துப் பாருங்கள். அதன் ஒவ்வோர் எழுத்தும் மேலிருந்து இறங்கும் ஒரு சொல்லின் கடைசி எழுத்தாகிறது. ஒய், இ, எஸ் மூன்றிலும் முடியும் ஆங்கிலச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. யெப் அவ்வளவு இணக்கமானதல்ல, பியில் முடியும் சொற்கள் குறைவு. எல்லாரும் நாள் முழுக்கச் சொல்லும் ‘ஓகே’வுக்கோ இரண்டெழுத்து வடிவில் இடமே கிடையாது. 1839இல் ஒரு பாஸ்டன் நாளிதழில் வேண்டுமென்றே தப்பாக எழுதிய சுருக்கமாக, கேலியாக அச்சேறிய சொல் அது. கட்டத்துக்குள் நுழைய இன்னும் இரண்டு எழுத்தை ஒட்டிக்கொண்டு நான்கெழுத்தாக வருகிறது.

தமிழில் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 வாய்ப்பு என்றால் நமக்கு 247. அப்படியே சொற்களை நெருக்கமாக வெட்டவிடுவது பெரும்பாடு. நம் பத்திரிகைப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்லாமல் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டுக்காக மட்டும் வைத்தது என்று நான் நினைக்கவில்லை. திசையை இரட்டிப்பாக்கினால் பொருந்தும் சொற்களும் கூடும். அப்புறம், ‘சரி’ என்ற சம்மதத்துக்கு நம் கட்டத்தில் இரண்டே இடம் போதும்.

வெட்டும் சொல்லும் கைவிட்டால் என்ன ஆகும்? 2008இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிர் ஒன்றில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் என்ற ஊரின் முதல் எழுத்து, ஓவியர் என்.சி. வையத்தின் பெயரில் முதலெழுத்தாகவும் வந்தது. இரண்டுமே தெரியாதவர் அந்தக் கட்டத்தை ஊகத்தில்தான் நிரப்ப முடியும். அதிலிருந்து இப்படிப்பட்ட சந்திப்புகளுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயரே ‘நேட்டிக்’. யெப், யப் இழுபறியின் நடுக் கட்டத்தில் தெளிவில்லாத ஆள் பெயர் ஒன்றைக் குறுக்கே விட்டால் அதுவும் நேட்டிக்தான். கவனமான ஆசிரியர் அந்த மூலையைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டுவார்.