ரப்பர் சட்டை மாறினால் ஈயமும் மாற வேண்டும்

சில வருடங்களுக்கு முன், புதுச்சேரியிலிருந்து கிளம்பிய எங்கள் டைவிங் படகில் ஒருவர் புது வெட்சூட்டோடு, அதாவது கடலில் முங்கும்போது போடும் ரப்பர் உடுப்போடு, ஏறினார். அதுவரை அவர் போட்டுக்கொண்டிருந்தது, வளைகுடாவில் வேலை பார்த்த மாமா கொடுத்த பழைய இரட்டைச் சட்டை. தோள்பட்டி வைத்த முழுக்கால் உடை ஒன்று, அதன்மேல் கையுள்ள மேல்சட்டை ஒன்று. இரண்டும் 5 மி.மீ. கனம். மார்பிலும் வயிற்றிலும் இரண்டும் சேர்ந்து 10 மி.மீ. ஆகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடப்பதே தனி வேடிக்கை. புதியது 3 மி.மீ., ஒரே உடுப்பு, கையை விரித்தால் கூடவே விரிகிற ரகம். நானும் தொட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை: மூழ்குவதற்காக இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டியிருக்கிறீர்கள்?

பழைய சட்டைக்குக் கட்டிய அதே 10 கிலோ ஈயம். குதித்து, பி.சி.டி.யில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையில்) இருந்த காற்றை வெளியேற்றியதும் மனிதர் கல் மாதிரி இறங்கினார். கயிற்றைப் பிடிக்கவில்லை, காதில் ஏறும் அழுத்தத்தைச் சமன் செய்யவும் அவகாசமில்லை. 12 மீட்டரில் அவருடைய டேங்க் வால்வைப் பிடித்து நிறுத்தினேன். காதுவலியோடு போயிற்று. தவறில் பாதி என்னுடையது. அன்றிலிருந்து படகில் யாராவது புது உடுப்போடு வந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஈயத்தைக் கேட்கிறேன்.

வெட்சூட் தண்ணீரைத் தடுக்கும் உடை என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டதே வேறு: உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, சூட்டைக் காப்பது ரப்பருக்குள் சிக்கியிருக்கும் குமிழிகள்தான். நியோப்ரீன் என்பது குமிழி நிறைந்த நுரை. குளிரைத் தடுப்பதும் அந்தக் குமிழிதான், நம்மை மிதக்க வைப்பதும் அதுதான். இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. கனமான சட்டை போட்டால் குளிராது, ஆனால் மூழ்கவும் முடியாது. அதனால்தான் ஈயம்.

சிக்கல் ஆழத்தில் வருகிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கும். மேலே 5 மி.மீ. இருந்த சட்டை கீழே மெலிந்துபோய்விடும். சூடும் குறையும், மிதப்பும் குறையும். மேலே சரியாக இருந்த ஈயம் கீழே அதிகமாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை பி.சி.டி.யில் காற்று நிரப்பி ஈடுகட்டுவோம். ஏறும்போது அதே காற்று விரியும், அதைச் சமாளிப்பது இன்னொரு வேலை. பழைய கனத்த பாணிக்கு ஆழம் மாறமாற இந்த ஏற்ற இறக்கம் பெரிது. மெல்லிய புது ரகத்துக்குச் சிறிது. எங்கள் தண்ணீருக்கு நான் மெல்லியதைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான், அழகு அல்ல.

அதற்காகப் பழசை மட்டமாகப் பேசமாட்டேன். மூச்சடக்கி முங்குகிறவர்களிடம் இரட்டைச் சட்டைதான் இன்றும் முதல் தேர்வு. ஜிப் கிடையாது, தலைமூடி சேர்ந்தே வரும், உட்பக்கம் துணி ஒட்டாத திறந்த ரப்பர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புகுந்து ஓட வழியில்லாததால் அதே கனத்தில் அதிகச் சூடு. போடுவதுதான் பாடு. சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்க வேண்டும், நகம் பட்டால் கிழியும். வாடகைக்குக் கொடுத்தால் ஒரு சீசன் தாங்காது. அதனால் எந்த டைவிங் கடையிலும் உங்களுக்குக் கிடைப்பது இருபக்கமும் துணி ஒட்டிய, முதுகில் ஜிப் வைத்த ஒற்றை உடுப்புதான்.

உடுப்பு ஒன்று மாறினால் உடம்பு எவ்வளவு மாறும் என்பதற்கு ஜேஜு தீவைச் சொல்வேன். தென்கொரியாவின் அந்தத் தீவில் ஹென்யோ என்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் கடல் அறுவடை செய்கிறார்கள். 1970கள் வரை மெல்லிய பருத்தி உடைதான். குளிர்காலத்தில் அரை மணி நேரம் போல் நீரில் இருந்துவிட்டுக் கரையேறித் தீக்காய்வார்கள். அந்தக் குளிருக்கு ஈடாக அவர்கள் உடம்பே குளிர்காலத்தில் கூடுதல் சூட்டை உற்பத்தி செய்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ரப்பர் உடுப்பு வந்ததும் மணிக்கணக்கில் நீரில் இருக்க முடிந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தாங்கும் திறன் மறைந்தது. கூடவே இடுப்பில் ஈயமும் ஏறியது.

நம் பக்கம் கதை வேறு. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களில் டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறைக் கீறலுக்கும் சொறி (ஜெல்லி மீன்) கடிக்கும் அது ஓரளவு தடுப்பு, சூட்டுக்கு இல்லை. "28 டிகிரித் தண்ணீர், எதற்கு சார் சட்டை?" என்று என்னிடம் கேட்பவர்கள் முதல் டைவில் சிரித்துக்கொண்டே வருவார்கள். இரண்டாவது டைவ் முடிந்து படகில் உதடு நடுங்கும்போது பதில் தேவைப்படாது. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடம்பு குளிர்ந்த நிலையில் மேலே ஏறினால் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும். அது வெறும் நடுக்கத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

பாணியைவிட அளவுதான் முக்கியம். இடுப்புப் பின்பக்கத்திலும் அக்குளிலும் பை மாதிரி தொங்கினால் தண்ணீர் உள்ளே வந்து வந்து போகும், 5 மி.மீ. போட்டும் பயனில்லை. கழுத்து இறுகினால் அதைவிட மோசம். கழுத்தின் பக்கவாட்டு நாளம் அழுந்தினால் இதயத்துடிப்பு குறைந்து தலைசுற்றும். புதிதாகக் கற்பவர் அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வார், சில பயிற்சியாளர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். கரையில் போட்டு, ஜிப்பை மூடி, ஐந்து நிமிடம் ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழையாத கழுத்து வேண்டாம். வாடகைச் சட்டையில் முழங்கையை அமுக்கிப் பார்த்து விட்டால் ரப்பர் திரும்பி எழ வேண்டும். அட்டை மாதிரி அப்படியே கிடந்தால் குமிழி செத்துவிட்டது, மி.மீ. கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது.

சட்டை எதுவானாலும் ஈயத்தை டைவின் முடிவில் சோதியுங்கள். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும். டேங்கில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில், பி.சி.டி. காலியாக இருக்க அசையாமல் நிற்க முடிந்தால் சரி.

அந்த நண்பர் மாமாவின் சட்டையைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அவர் பையில் இரண்டு பெல்ட் இருக்கின்றன. ஒன்றில் வெள்ளை மார்க்கரால் ‘மாமா 10’ என்றும் இன்னொன்றில் ‘புதுசு 5’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்.